வரவு குறைவா, செலவு கூடுதலா: ஒரு பழைய சி.ஆர்.ஓ.வின் பவர் சப்ளை

பழைய சி.ஆர்.ஓ. (கேத்தோடு ரே ஆஸிலோஸ்கோப், மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்றைத் திறந்து, நாலு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்டேஜ் எல்லாம் குறைவாக இருந்தால் உடனே என்ன செய்கிறோம்? பவர் சப்ளையில் இருக்கும் கண்டென்சர் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் பாகம்) அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். பாதி நேரம் செட் பிழைத்துக்கொள்கிறது. பிழைத்தது எதனால் என்று மட்டும் தெரியாமலே போய்விடுகிறது. மீதிப் பாதி நேரம் பழைய பழுது அப்படியே இருக்க, சூடு தாங்காமல் பெயர்ந்துபோன தாமிரப் பட்டை, பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்ட கண்டென்சர் என்று புதுப் பழுதுகள் சேர்ந்துவிடுகின்றன.

இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதை ஒரு செட்டை வைத்தே சொல்கிறேன்.

வோல்டேஜ் குறைவு என்று மீட்டர் சொல்லும்போது பாதி விஷயம்தான் நமக்குக் கிடைக்கிறது. சப்ளை கொடுக்க முடியாமல் குறைந்ததா, இல்லை எங்கோ ஒரு இடத்தில் அளவுக்கு மீறி இழுப்பதால் குறைந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை. மாதக் கடைசியில் கையில் காசு இல்லையென்றால், வரவு குறைந்ததா செலவு கூடிப்போனதா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறோம் அல்லவா? அதே யோசனைதான் இங்கேயும் வேண்டும். அதைச் செய்யாமல் சோல்டரிங் அயனைச் சூடாக்கக் கூடாது.

நான் இருப்பது செங்கோட்டைக்கு மேற்கே, புளியரைப் பக்கம். இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் ஆரியங்காவு, அப்புறம் தென்மலை, புனலூர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். அதனால் எங்களுக்குச் சொந்தபந்தமும் கடை கண்ணியும் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. பார்ட்ஸ் விஷயமும் அப்படித்தான். தென்காசியில் கிடைக்காதது புனலூரிலோ கொல்லத்திலோ கிடைக்கும். 2010-இல் மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2018-இல் அகலப் பாதை திறக்கிற வரைக்கும் அதற்கு பஸ்தான் கதி. இப்போது மறுபடியும் ரயிலேறிப் போய் வர முடிகிறது.

இந்த சி.ஆர்.ஓ.வும் மேற்கேயிருந்துதான் வந்தது. புனலூர்ப் பக்கம் ஒரு ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடை), பழைய ஸ்டெபிலைசர்களுக்கு நடுவில் கிடந்தது. ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தைக் காலி செய்தபோது வந்த சரக்கு என்றார் கடைக்காரர். இரண்டு சானல், 20 மெகாஹெர்ட்ஸ், உள்ளே டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் கலந்த காலத்துச் செட். பிக்சர் டியூப் உடையவில்லை, குமிழ்கள் எல்லாம் இருந்தன. முன்பக்கச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

செங்கோட்டையில் எங்கள் அண்ணாச்சியின் கடைக்குக் கொண்டுபோனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். இப்போது அவர் கடைக்கு வருவது பெரும்பாலும் யு.பி.எஸ்.சும் வெல்டிங் மெஷின் போர்டும். செட்டைப் பார்த்ததும் மேஜையைத் துடைத்து இடம் ஒதுக்கினார்.

"தம்பி, வோல்டேஜ் கம்மின்னு தெரிஞ்சா பார்ட்ஸ்ல கைய வைக்காதீங்க. மொதல்ல யாரு குடிக்கான்னு பாருங்க" என்றார்.

அந்தக் காலத்து சி.ஆர்.ஓ.க்களின் பவர் சப்ளையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் வேலை எளிது. ஒரு டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து பல சுற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு பிரிட்ஜ், அதன் மேடு பள்ளத்தை நிரப்பும் பெரிய ஃபில்டர் கண்டென்சர், அதற்கப்புறம் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர். எங்கள் செட்டில் பிளஸ் 12, மைனஸ் 12, பிளஸ் 5, டியூபின் தகடுகளை ஆட்டும் ஆம்ப்ளிபையருக்கு பிளஸ் 140. இது போக, டியூபின் கேத்தோடுக்கு மைனஸ் இரண்டாயிரம் வோல்ட் அளவில் ஒரு ஹை வோல்டேஜ் பகுதி. அது தனி ஆஸிலேட்டர். ஆனால் ஓடுவதற்கு பிளஸ் 12-ஐ நம்பித்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம் என்னவென்றால் இந்த சப்ளைகள் தனித்தனி ஆட்கள் இல்லை. ஒன்று தலைவர், மற்றவை அதைப் பார்த்துத் தங்கள் அளவை வைத்துக்கொள்ளும். 1972-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465-ஐப் பலருக்குத் தெரிந்திருக்கும். 100 மெகாஹெர்ட்ஸ், கையில் தூக்கிப் போகும் செட். அதில் பிளஸ் 55 வோல்ட்தான் தலைவர். அதைச் சரியாக வைத்தால்தான் மற்றதைப் பற்றிப் பேசவே முடியும். அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸ் கையேடுகளை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொரு சுற்றும் எப்படி வேலை செய்கிறது என்று பத்தி பத்தியாக எழுதி, படத்திலேயே எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்றும் குறித்து வைத்திருப்பார்கள். ஒரு கருவியை விற்பதோடு நிற்காமல் அதைத் திறப்பவனுக்கும் மரியாதை கொடுத்த எழுத்து அது. இன்றைய கருவிகளோடு அப்படி ஒரு புத்தகம் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் செட்டுக்குப் படம் கிடைக்கவில்லை. போர்டைத் திருப்பி, டார்ச் அடித்து, பட்டையைத் தொடர்ந்து போய்த்தான் கண்டுபிடித்தோம். பிளஸ் 12 பக்கத்தில் ஒரு 6.2 வோல்ட் ஜீனர் இருந்தது, அளவுகோலாக ஒரே வோல்டேஜில் நிற்கும் டயோடு அது. மற்ற மூன்று ரெகுலேட்டருக்கும் அந்தப் பிளஸ் 12-இலிருந்துதான் கம்பி போகிறது. சரி, தலைவர் யாரென்று தெரிந்துவிட்டது.

முதல் கரண்ட் கொடுத்தது சீரீஸ் பல்பு வழியாக, அதாவது மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவே தொடராக மாட்டிய பல்பு; உள்ளே ஷார்ட் இருந்தால் அது பளிச்சென்று எரியும். 60 வாட் குண்டு பல்பு. பழைய செட் எதற்கும் இது இல்லாமல் நேராக மெயின்ஸ் கொடுக்கக் கூடாது. பல்பு ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மங்கலாக அடங்கியது. டிரான்ஸ்பார்மரும் பிரிட்ஜும் முழு ஷார்ட் இல்லை என்று அர்த்தம். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, டிம்மர்ஸ்டாட் (மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வழியாக மெதுவாக ஏற்றி 230-க்குக் கொண்டுவந்தோம். பல்பு இருக்கும்போது எடுத்த அளவுகளை நம்பக் கூடாது. பல்பே கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும்.

மீட்டரில் வந்த எண்கள் இவை. பிளஸ் 12 இருக்க வேண்டிய இடத்தில் 2.6. மைனஸ் 12-இல் மைனஸ் 2.6. பிளஸ் 5-இல் 1.1. பிளஸ் 140-இல் 30.

இந்த எண்களை எழுதி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். 12-க்கு 2.6 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 5-க்கு 1.1-உம் அதே விகிதம். 140-க்கு 30-உம் அதே விகிதம். நாலு சப்ளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கெட்டுப்போக வாய்ப்பே இல்லை. மூன்று பேர் ஒழுங்காகத் தலைவரைப் பின்பற்றுகிறார்கள், தலைவர்தான் கீழே கிடக்கிறார். அந்த மூன்றின் கண்டென்சர்களையும் மாற்றியிருந்தால் அத்தனையும் வெட்டி வேலை. காகிதத்தில் ஒரு வகுத்தல் கணக்கு அவ்வளவையும் மிச்சப்படுத்திவிட்டது.

இப்போது பிளஸ் 12 மட்டும். ஜீனரில் சரியாக 6.2 நிற்கிறது. ரெகுலேட்டருக்கு முன்னால் ஃபில்டர் கண்டென்சரில் 19 வோல்ட் இருக்கிறது. வருகிற பக்கம் குறையில்லை. ரெகுலேட்டரில் கரண்டைத் தன் வழியாக விடும் பாஸ் டிரான்சிஸ்டருக்குத் தொடராக ஒரு ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 0.65 வோல்ட். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸைத் திறக்கப் போதுமான அளவு அது. அந்த ரெசிஸ்டர் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு, 'இதற்கு மேல் தர முடியாது' என்று கையை மடக்கி வைத்திருக்கிறது. ஒரு ஓமில் 0.65 வோல்ட் என்றால் 0.65 ஆம்பியர். 2.6-ஐ 0.65-ஆல் வகுத்தால் 4 ஓம். வெளியே 4 ஓம் சுமை தொங்குகிறது.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரெகுலேட்டர் கெடவில்லை. தன்னையும் டிரான்ஸ்பார்மரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பின்பக்க ஹீட் சிங்க் மட்டும் கை வைக்க முடியாத சூடு. 16 வோல்ட் மிச்சத்தை 0.65 ஆம்பியரில் தாங்கினால் பத்து வாட்டுக்கு மேல் அங்கே வெப்பமாகத்தான் போகும்.

ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்கினோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் 140 வோல்ட் பக்கத்துக் கண்டென்சரில் சார்ஜ் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் அடிப்பது சரியான வழி இல்லை. தீப்பொறியில் கண்டென்சரும் கெடும், பட்டையும் உருகும். அண்ணாச்சி ஒரு ஹோல்டரில் 15 வாட் பல்பு மாட்டி, இரண்டு வயரை நீட்டி வைத்திருக்கிறார். அதைத் தொட்டுக் காலி செய்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். ஹை வோல்டேஜ் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்தப் பக்கம் அளக்க அதற்கென்று உள்ள ஹை வோல்டேஜ் ப்ரோப் வேண்டும். ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொள் என்று பழைய ஆட்கள் சொல்வது உயிர் காக்கும் பேச்சு.

ஓம் ரேஞ்சில் பிளஸ் 12-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 4 ஓம்தான் வந்தது. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகிற அந்த நேரத்துக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

போர்டுகளின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ட்ரிகர் போர்டு, ஹாரிசாண்டல் போர்டு, எதற்கும் அசையவில்லை. வெர்ட்டிகல் முன் ஆம்ப்ளிபையர் போர்டைக் கழற்றியதும் 4 ஓம் சட்டென்று 250 ஆனது. செலவாளி அந்த போர்டில்தான் இருக்கிறான்.

அந்தப் போர்டில் பிளஸ் 12 பட்டையில் மணி மணியாக டான்டலம் (ஒரு உலோகம்) கண்டென்சர்கள், அத்தனையும் இணையாக. எந்த ஒன்றின் மேல் மீட்டரை வைத்தாலும் அதே 4 ஓம்தான் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தனியாக ஒரு பெஞ்ச் சப்ளையை அரை வோல்ட்டில் வைத்து அந்தப் பட்டைக்குக் கொடுக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் டிரான்சிஸ்டரோ ஐ.சி.யோ எதுவும் விழிக்காது, போகிற கரண்ட் எல்லாம் ஷார்ட் வழியாக மட்டுமே போகும். நாலு ஓமுக்கு 120 மில்லி ஆம்பியர் போல ஓடும். இப்போது மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் போட்டு, ஒரு முனையைக் கரண்ட் நுழையும் இடத்தில் நிலையாக வைத்து, மறு முனையைப் பட்டை நெடுகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தாமிரப் பட்டைக்கும் துளி ரெசிஸ்டன்ஸ் உண்டு. கரண்ட் ஓடும் தூரம் வரை எண் ஏறும். 0.4 வந்தது, 0.9 வந்தது, 1.3 வந்தது. அடுத்த கண்டென்சரிலும் 1.3, அதற்கடுத்ததிலும் 1.3. ஏற்றம் நின்றுவிட்டது. அதாவது 1.3 முதலில் வந்த இடத்தோடு கரண்ட் கீழே இறங்கிவிடுகிறது, அதற்கப்பால் எதுவும் ஓடவில்லை. அந்த இடத்தில் இருந்த மஞ்சள் மணியின் ஒரு காலைத் தூக்கினோம். ஷார்ட் போய்விட்டது.

10 மைக்ரோபாரட், 16 வோல்ட். பார்வைக்கு ஒரு கீறல் இல்லை, கருகல் இல்லை. மீட்டரில் நாலு ஓம்.

டான்டலம் பெரும்பாலும் இப்படித்தான் சாகும். உள்ளே திரவம் உள்ள சாதா எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ந்து, கொள்ளளவு குறைந்து மெல்லத் தேய்கிறது. டான்டலம் ஒரேயடியாக ஷார்ட் ஆகிறது. அதிலும் 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் கண்டென்சர் என்பது இறுக்கமான கணக்கு. டான்டலத்தை அதன் அளவில் பாதி வோல்டேஜுக்குத்தான் ஓட்ட வேண்டும் என்பது இன்றைய வழக்கம். அதனால் 25 வோல்ட்டுக்காரனைத் தேடி எடுத்துப் போட்டோம்.

ஆன் செய்ததும் 12, மைனஸ் 12, 5, 140, எல்லாம் எழுந்து நின்றன. திரையில் பச்சைக் கோடு வந்தது.

அன்று சாயங்காலமே அந்தக் கோடு நெளிய ஆரம்பித்தது.

இந்த இரண்டாவது பழுதுதான் எங்கள் ஊர்ப் பழுது. பகலில் கோடு கத்தி மாதிரி நிற்கும். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் தடித்து அலை அலையாக ஓடும். ட்ரிகரை, அதாவது கோடு எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் குமிழை, மெயின்ஸைப் பின்பற்றும் 'லைன்' நிலைக்குத் திருப்பினால் அந்த அலை அசையாமல் நின்றது. மெயின்ஸோடு ஒட்டிய கோளாறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். அந்த 20 மில்லி செகண்டில் இரண்டு மேடு தெரிந்தால் பிரிட்ஜ் முழுதாக வேலை செய்கிறது, ஃபில்டர் போதவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு மேடுதான் தெரிகிறது என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு மேடு. டயோடைத் தொட வேண்டிய தேவையே இல்லை. செட் தன் நோயைத் தன் திரையிலேயே எழுதிக் காட்டுவதை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது மறக்காது.

பகலில் ஏன் தெரியவில்லை? லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் எல்லோரும் மோட்டாரும் கிரைண்டரும் போடும் நேரத்தில் மெயின்ஸ் வோல்டேஜ் 190-க்குப் போய்விடும். அண்ணாச்சி கடையிலும் அப்படித்தான். மறுநாள் பட்டப்பகலில் டிம்மர்ஸ்டாட்டை 190-க்கு இறக்கினோம். அதே நெளிவு. சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டிய பழுது கைக்குள் வந்துவிட்டது.

பிளஸ் 12-இன் ஃபில்டர் கண்டென்சரில் மீட்டரை ஏ.சி.யில் போட்டு, தொடராக ஒரு 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர் வைத்து அளந்தோம். 2.6 வோல்ட். ரிப்பிள் (டி.சி. மேல் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) ரம்பப் பல் வடிவில் இருப்பதால் இதைக் கிட்டத்தட்ட மூன்றரையால் பெருக்க வேண்டும். உச்சிக்கும் பள்ளத்துக்கும் 9 வோல்ட். 230 இருக்கும்போது உச்சி 24, பள்ளம் 15. ரெகுலேட்டருக்கு 12 தர அது போதும், அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. 190 ஆனதும் உச்சியே 20-க்குக் கீழே வந்துவிடுகிறது, பள்ளம் 11-க்கு இறங்குகிறது. 11-இலிருந்து 12 எடுக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேட்டர் கால் வழுக்கி விழுகிறது. அதுதான் நெளிவு.

இந்தத் தடவை செலவில் குற்றமில்லை, வரவிலேயே ஓட்டை. மேலே 2200 மைக்ரோபாரட் என்று எழுதியிருந்த அந்தக் கண்டென்சரைக் கழற்றி அளந்தால் 450-தான் இருந்தது. அது இருந்த இடம் ஹீட் சிங்க்குக்கு ஒட்டினாற்போல். எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் பத்து டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. எத்தனை வருஷம் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்ததோ.

மாற்றுக்குப் புனலூரிலிருந்து கெல்ட்ரான் கண்டென்சர் வாங்கி வந்தேன். 1973-இல் கேரள அரசு தொடங்கிய நிறுவனம் அது. கண்ணூர்ப் பக்கம் கண்டென்சருக்கென்றே ஆலை இருக்கிறது. 105 டிகிரி வகை, 35 வோல்ட். காலைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஹீட் சிங்க்கை விட்டுத் தள்ளிச் சாய்த்து வைத்தோம். ஏ.சி. ரேஞ்சில் 2.6 இருந்த இடத்தில் 0.6 ஆனது. 190-க்கு இறக்கினாலும் கோடு அசையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் சாரல் தொடங்கினால் இந்தக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று எதையும் விடாது. ஹை வோல்டேஜ் பகுதியில் படிந்த தூசி காய்ந்திருக்கும் வரை தொந்தரவில்லை. ஈரம் குடித்தால் அதன் மேலேயே மெல்லக் கசிவு ஓட ஆரம்பிக்கும், வெளிச்சமும் ஃபோகஸும் தானாக மாறும். அதனால் சாரலுக்கு முன்பே மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மூடினோம்.

மீதமுள்ள டான்டலங்களை என்ன செய்வது என்பதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் கருத்து வேறு. லைனில் நேராக உட்கார்ந்திருக்கும் 16 வோல்ட் மணிகளை மட்டும் மாற்றினால் போதும், ரெசிஸ்டருக்குப் பின்னால் இருப்பவை ஷார்ட் ஆனாலும் அந்த ரெசிஸ்டரோடு போகும் என்பது என் கட்சி. "அந்த ரெசிஸ்டர் கருகும்போது போர்டும் சேர்ந்து கருகும் தம்பி, இருக்கிற எல்லாத்தையும் மாத்திருங்க" என்பது அவர் கட்சி. பழுது எதனால் என்று தெரிந்த பிறகு, எண்களை எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்ப்பதாக இருந்தால் எனக்கு அதில் மறுப்பில்லை. இப்போதைக்கு நேராக லைனில் இருந்தவற்றை மட்டும் மாற்றியிருக்கிறோம். செட் அவர் கடையில்தான் இருக்கிறது. அடுத்து ஹை வோல்டேஜ் பகுதியில் ஃபோகஸ் ரெசிஸ்டர் வரிசையை அளக்க வேண்டும். கொல்லத்திலிருந்து ப்ரோப் வரக் காத்திருக்கிறோம்.